கம்பியில்லா அலையும் கதவுப் பூட்டும்

எமது பாடசாலையின் ஆண்டு விழா மலர் அச்சேறும் காலம் நெருங்கும்போதெல்லாம் மலர்க் குழுவினர் எம்மை அணுகி, "மாஸ்ரர், உங்கள் கட்டுரையை மறந்துவிட வேண்டாம்" என்று நினைவூட்டுவது வழக்கம். சென்ற ஆண்டுகளில் ழகர ளகர வேறுபாடு பற்றியும் தைப்பொங்கல் பற்றியும் எழுதினோம். இவ்வாண்டு இலக்கணத்தையும் பண்டிகையையும் சற்றே ஒதுக்கிவிட்டு, மடிக்கணினியின் கம்பியில்லாத் தொடர்பினைப் பாதுகாப்பாகவும் சட்டத்திற்கு அமைவாகவும் பயன்படுத்துவது பற்றி எழுதத் துணிந்துள்ளோம். தமிழ் படிப்பிக்கும் ஒருவருக்கு இதில் என்ன வேலை எனப் பெற்றோர் சிலர் வினவக்கூடும். தாயகத்தில் நாம் விஞ்ஞான ஆசிரியராகவே பணியாற்றினோம் என்பது ஒரு விடை. மற்றைய விடை, 2013ஆம் ஆண்டு எமது வீட்டு அஞ்சற்பெட்டியில் விழுந்த ஒரு கடிதம்.

கடிதத்திற்கு முன்னர் வானொலி பற்றிச் சொல்லவேண்டும். 1990ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றபோது நாம் சிறுவராக இருந்தோம். வானொலிப் பெட்டிக்கு இடும் மின்கலம், அதாவது பற்றரி, தடை செய்யப்பட்ட பொருட்களுள் ஒன்றாயிற்று. துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவில் பிறக்கும் மின்னை வானொலிக்கு ஊட்டியே எமது தந்தையார் இரவில் பி.பி.சி. தமிழோசை கேட்டார். சுற்றும் பணி எம்முடையது. கை சோர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் மங்கும். உடனே தந்தையார் கனைப்பார். அலைகள் எங்கிருந்தோ காசின்றி வந்து சேர்கின்றன, அவற்றைப் பிடிப்பதற்குத்தான் உழைப்பு வேண்டியிருக்கிறது என்ற வியப்பு அன்று எமது மனத்தில் பதிந்தது. பின்னாளில் விஞ்ஞானம் படிப்பிக்கப் போனதற்கும் அந்த டைனமோவே காரணம் எனலாம்.

அதே காலத்தில் 'வயர்லெஸ்' என்ற சொல் எமது ஊரிற் சிரிப்போடு உச்சரிக்கப்பட்ட சொல் அன்று. அது ஆயுதம் தாங்கியோர் கையில் இருந்த கருவியின் பெயர். ஒரு மின்கலத்திற்கே சோதனைச் சாவடியில் விளக்கம் சொல்ல வேண்டியிருந்த நாட்டில், அலை பரப்பும் கருவியைக் குடிமகன் ஒருவன் பையிற் போட்டுக்கொண்டு திரிவதை நினைத்தும் பார்க்க முடியாது. 2010ஆம் ஆண்டு யேர்மனிக்கு அகதியாக வந்து, அடுத்த ஆண்டு பழைய மடிக்கணினி ஒன்றை 120 யூரோவுக்கு வாங்கியபோது, அதனுள்ளே அலை பரப்பும் கருவிகள் இரண்டு இருக்கின்றன என்பதை அறிந்து நாம் சிறிது நேரம் அதைத் தொடாமலே இருந்தோம். மாணவர்களுக்கு இது நகைப்பாகத் தோன்றும். தோன்றட்டும்.

ஆம், மடிக்கணினி ஒரு வானொலி நிலையமே. கேட்பது மாத்திரமன்றிப் பேசுவதும் அதன் தொழில். அதன் திரையைச் சுற்றியுள்ள விளிம்பினுள்ளே பெரும்பாலும் மெல்லிய அலைவாங்கிகள் ஒளிந்திருக்கின்றன. நாம் வைபை என்றும், இந்நாட்டவர் 'வேலான்' என்றும் அழைக்கும் தொடர்பு (முதன்முறை இச்சொல்லைக் கேட்ட எமது துணைவியார் முருகப்பெருமானைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றே எண்ணினார்) பொதுவாக 2.4 கிகாஹேர்ட்ஸ், 5 கிகாஹேர்ட்ஸ் எனும் இரு அலைவரிசைகளில் நிகழ்கின்றது. உணவு சூடாக்கும் நுண்ணலை அடுப்பும் ஏறத்தாழ 2.45 கிகாஹேர்ட்ஸிலேயே இயங்குவதால், சிலருடைய வீட்டிற் சோறு சூடாகும் வேளையில் இணையம் தடுமாறுகின்றது. அடுப்பின் வலு ஏறக்குறைய ஆயிரம் வாற்று. 2.4 கிகாஹேர்ட்ஸில் வைபைக் கருவி பரப்ப இங்கு அனுமதிக்கப்பட்ட வலுவோ ஒரு வாற்றின் பத்திலொரு பங்கு.

அனுமதி என்றோம். வான்வெளி யாருக்கும் சொந்தமில்லை என்பது கவிஞர் கூற்று. எந்நாட்டிலும் சட்டம் அவ்வாறு கூறுவதில்லை. இந்நாட்டில் அலைவரிசைகளைப் பங்கிடுவது சமஷ்டி வலையமைப்பு முகவர் நிலையம். வைபைக்கெனச் சில வரிசைகளை அது எல்லோருக்கும் பொதுவாகத் திறந்து விட்டிருப்பதாலேயே நாம் தனித்தனி உரிமம் பெறாது கணினியை இயக்குகின்றோம். அத்திறப்பிற்கு நிபந்தனைகள் உண்டு. 5 கிகாஹேர்ட்ஸ் பகுதியில் 5250 முதல் 5350 மெகாஹேர்ட்ஸ் வரை கட்டடங்களின் உள்ளே பயன்படுத்துவதற்கே ஒதுக்கப்பட்டது. 5600 முதல் 5650 வரை மழைமேகம் பார்க்கும் றேடார்கள் இயங்குவதனால், றவுட்டர் முதலில் மௌனமாயிருந்து கேட்டு, றேடார் ஒலித்தால் வேறு வரிசைக்கு விலகவேண்டும். நல்ல கருவி இதனைத் தானே செய்கின்றது. 'நாடு' என்ற இடத்தில் வேறொரு நாட்டின் பெயரைத் தெரிவு செய்து வலுவைக் கூட்டலாம் எனச் சில மாணவர் கண்டுபிடித்துள்ளதாக அறிகின்றோம். அப்படிச் செய்பவர் புயல் பற்றிய எச்சரிக்கையைக் குழப்புகின்றார் என்பதை அறிந்து செய்வாராக.

நாட்டுக்கு நாடு வேறுபாடு என்பதை நாம் வேடிக்கையாகவே கற்றோம். கனடாவிலிருந்து வந்த மைத்துனர் ஒருவர், எமது வீட்டு வலையமைப்பு தமது மடிக்கணினியிற் தெரியவே இல்லை என்று இரு நாட்கள் முறையிட்டார். எமது பிள்ளைகளின் கணினிகளில் அது நன்றாகவே தெரிந்தது. மூன்றாம் நாள்தான் காரணம் புலப்பட்டது. ஐரோப்பாவில் 2.4 கிகாஹேர்ட்ஸிற்கு 13 அலைத்தடங்கள். வட அமெரிக்கக் கருவிகள் பொதுவாக 11ஐயே அறியும். எமது றவுட்டர் 13ஆம் தடத்தில் நின்றது. 6ஆம் தடத்திற்கு மாற்றினோம். மைத்துனரின் முகம் மலர்ந்தது.

இனிக் கடிதம்.

அந்நாட்களில் எமது வாடகை வீட்டிற்கு எதிரே அகதிகள் தங்கும் விடுதி, எம்மவர் சொல்லும் 'ஹைம்', ஒன்று இருந்தது. புதிதாக வந்த இளைஞர் பலர் அதில் இருந்தனர். தாயகத்திலுள்ள தாயோடு பேச வழியின்றித் தவித்தனர். நாமும் ஹைமில் இருந்து வந்தவரே. ஆகவே எமது றவுட்டரின் கடவுச்சொல்லை நீக்கி, வலையமைப்பைத் திறந்து விட்டோம். வேலியோரக் கிணற்றில் வழிப்போக்கர் நீர் அள்ளுவதைத் தடுக்காத ஊரிற் பிறந்தவருக்கு அது பெரிய கொடையாகவும் தோன்றவில்லை. மாலை வேளைகளில் எமது சாளரத்தின் கீழே, மதிற்கட்டில் வரிசையாக அமர்ந்து, பழைய மடிக்கணினிகளையும் கைத்தொலைபேசிகளையும் விரித்து அவர்கள் தத்தம் வீட்டாரோடு பேசுவர். "அம்மா, சாப்பிட்டாச்சு" என்ற பொய்யை எத்தனை குரல்களிற் கேட்டிருப்போம்! குளிர் காலத்திற் துணைவியார் தேநீர் அனுப்புவார்.

2013ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் அக்கடிதம் வந்தது. நீதிமன்றத்திலிருந்து வரும் மஞ்சள் உறை அன்று, வெள்ளை உறை. ஆயினும் பன்னிரண்டு பக்கங்கள். எமது யேர்மன் மொழி அப்போது கடையில் மரக்கறி வாங்கப் போதுமாயிருந்ததே அன்றிச் சட்டத்தரணியின் வாக்கியங்களுக்குப் போதவில்லை. எமது பெயர், ஒரு திகதி, ஒரு நேரம், ஓர் ஆங்கிலத் திரைப்படத்தின் பெயர், 815 யூரோ என்ற தொகை, ஏழு நாள் தவணை ஆகியவை மட்டும் புரிந்தன. அகதி அந்தஸ்துக் கிடைத்து ஓராண்டுகூட ஆகவில்லை. 'குற்றம்' என்ற சொல் அகராதியில் எதிர்ப்பட்டபோது கை நடுங்கியது. வதிவிட அனுமதியைப் பறித்துவிடுவார்களோ, திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று இரண்டு இரவுகள் உறக்கமின்றிக் கிடந்தோம். துணைவியாரிடம் அது தொலைபேசிக் கட்டணம் பற்றிய கடிதம் என்று பொய் சொன்னோம்.

சனிக்கிழமை வகுப்பு முடிந்தபின், அப்போது ஆண்டு ஏழு பயின்ற மாணவி ஒருத்தியை அவளுடைய தாயார் முன்னிலையில் அழைத்துக் கடிதத்தைக் காட்டினோம். ஆத்திசூடி ஒப்புவிக்கத் தடுமாறும் அப்பிள்ளை, பன்னிரண்டு பக்கங்களையும் கால் மணித்தியாலத்தில் வாசித்துவிட்டு, "சேர், இது பொலிஸ் இல்லை, லோயர். படம் ஒன்றை நீங்கள் மற்ற ஆக்களுக்குக் குடுத்தது எண்டு எழுதி இருக்கு" என்றாள். நாம் படமே பார்ப்பதில்லை என்றோம். அவள் எம்மை உற்றுப் பார்த்து, "உங்கட வேலானுக்குப் பாஸ்வேர்ட் இருக்கா?" என்று கேட்டாள். வகுப்பிற் கேள்வி கேட்பவர் நாமே என்ற நினைப்பு அன்றோடு அகன்றது.

கடிதத்திற்கு 'அப்மானுங்' என்று பெயர். உரிமை மீறலைச் சுட்டி, இனிச் செய்யேன் என்று கையொப்பமிடவும் செலவைச் செலுத்தவும் கோரும் எச்சரிக்கை மடல். நகரத்து நுகர்வோர் ஆலோசனை நிலையத்தில் ஓர் அம்மையார் பொறுமையாக விளக்கினார். இத்தகைய மடலைக் குப்பையில் எறிதல் கூடாது. அச்சத்தில் உடனே கையொப்பமிடுதலும் கூடாது. இணைத்து அனுப்பப்படும் உறுதிமொழிப் பத்திரம் வாழ்நாள் முழுவதும் ஒருவரைப் பிணைக்கக்கூடியது. அதனைத் திருத்தி எழுதிக் கொடுக்கலாம். வதிவிட அனுமதிக்கும் இதற்கும் தொடர்பில்லை. இது காசுப் பிணக்கு என்றும் கூறினார். அவ்வசனத்தைக் கேட்டபின்னரே எமக்கு மூச்சு வந்தது. ஒரு சட்டத்தரணி மூலம் திருத்திய உறுதிமொழியை அனுப்பி, ஈற்றில் 350 யூரோவில் விடயம் முடிந்தது. பகுதிநேரமாகப் பாத்திரம் கழுவிய எமக்கு அது ஒரு மாதச் சம்பளத்திற் பெரும்பகுதி.

சட்டம் அன்று எவ்வாறு இருந்தது என்பதைப் பெற்றோர் அறிதல் நன்று. 2010ஆம் ஆண்டு மே மாதம் கார்ல்ஸ்றூவ நகரிலுள்ள சமஷ்டி உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பை வழங்கியிருந்தது. விடுமுறையில் வெளியூர் சென்றிருந்த ஒருவருடைய வைபை மூலம் வேறு யாரோ ஒரு பாடலை இணையத்திற் பகிர்ந்துவிட்டார். வீட்டுக்காரர் குற்றம் செய்யவில்லை. ஆயினும் வலையமைப்பைத் தக்கவாறு பூட்டாமையால் எச்சரிக்கை மடலின் செலவுக்கு அவர் பொறுப்பு என்றது நீதிமன்றம். எமது மதிற்கட்டு விருந்தோம்பலுக்கு அத்தீர்ப்பே உலை வைத்தது. 2017ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தம் இந்நிலையை மாற்றியது. பிறர் செய்த மீறலுக்காக வைபை வழங்கியவரிடம் அச்செலவைக் கோர முடியாது. குறித்த சில தளங்களைத் தடுக்குமாறு வேண்டுமானால் கேட்கலாம். நான்கு ஆண்டுகள் பிந்தி வந்த நீதி என்று நாம் முணுமுணுத்ததுண்டு.

வீட்டுக்குள்ளே நிகழும் மீறல் வேறு கதை. பெற்றோர் இப்பந்தியை இரு முறை வாசிக்கவேண்டும். 13 வயதுப் பையன் ஒருவன் பாடல்களைப் பகிர்ந்த வழக்கில், அவ்வாறு செய்தல் கூடாதென அவனுக்கு முன்னரே அறிவுறுத்தியிருந்த பெற்றோர் பொறுப்பாளிகள் அல்லர் என 2012 நவம்பரில் அதே நீதிமன்றம் கூறியது. அப்படியாயின் சொல்லி வைத்தல் அவசியம். மடிக்கணினியைப் பிறந்தநாட் பரிசாகக் கொடுத்துவிட்டு வாய் மூடியிருப்பவருக்கு இத்தீர்ப்பு உதவாது. 2017 மார்ச்சில் வந்த தீர்ப்போ கடினமானது. வளர்ந்த பிள்ளைகள் மூவருள் எவர் செய்தார் என்பதை அறிந்திருந்தும் பெயரைச் சொல்ல மறுத்த பெற்றோரே பணம் கட்டவேண்டியதாயிற்று. 2019ஆம் ஆண்டு அரசியலமைப்பு நீதிமன்றமும் அதனை ஏற்றுக்கொண்டது. பிள்ளையைக் காட்டிக்கொடுப்பதா, காசைக் கொடுப்பதா? எமக்கென்னவோ அப்பெற்றோர் மீது இரக்கமே மிகுகின்றது.

எமது வழக்கிற் செய்தவர் யாரென்று நாம் விசாரிக்கவில்லை. விசாரணை என்ற சொல்லின் மீதே எமக்கு வெறுப்பு. ஆனால் றவுட்டரைப் பூட்டிய மாலையில் மதிற்கட்டு வெறுமையாயிற்று. அடுத்த வாரம், இருபத்திரண்டு வயது மதிக்கத்தக்க இளைஞர் ஒருவர் கதவைத் தட்டினார். "மாஸ்ரர், படத்தை இறக்கினது நான்தான். பாக்கத்தான் இறக்கினனான், ஒருத்தருக்கும் குடுக்கேல்லை" என்று தலை குனிந்து நின்றார். அவர் உண்மையே உரைத்தார். அவருக்குத் தெரியாதது ஒன்றுதான். அவர் பயன்படுத்திய பகிர்வு மென்பொருள், ஒரு கோப்பை இறக்கிக்கொண்டிருக்கும்போதே அதன் துண்டுகளைப் பிறருக்கு ஏற்றிக்கொண்டும் இருக்கும். வாங்குபவர் தம்மை அறியாமலே கொடுப்பவரும் ஆகின்றார். சட்டத்தரணிகள் தேடுவது அக்கொடுப்பவரையே. இதனைத் தாளில் வரைந்து விளக்கினோம். அவர் இருபது யூரோத் தாள் ஒன்றை மேசையில் வைத்தார். வேண்டாம் என்றோம். எடுக்க மறுத்தார். எடுக்காவிட்டால் அவர் இனி எமது வாசலுக்கு வரமாட்டார் என்று துணைவியார் கண்ணாற் காட்டினார், எடுத்துக்கொண்டோம். தொலைபேசிக் கட்டணம் என்று நாம் சொன்ன பொய்யும் அந்த மேசையிலேயே வெளிப்பட்டது. அதன்பின் கிடைத்தது வேறு வகை எச்சரிக்கை மடல்.

இளைஞர் மாதந்தோறும் இருபது யூரோ கொண்டுவந்தார். நாமும் வலையமைப்பை மீண்டும் கொடுத்தோம், இம்முறை பூட்டுடன். றவுட்டரில் விருந்தினர் வலையமைப்பு என ஒன்றைத் தனியே அமைக்கலாம்; அதிற் சேர்பவர் வீட்டுக் கணினிகளை எட்டமுடியாது. கடவுச்சொல்லைத் துண்டுத் தாளில் எழுதி, கேட்பவர் ஒவ்வொருவரையும் உள்ளே அழைத்து, தேநீர் கொடுத்து, எதைச் செய்யக்கூடாது என்று சொல்லிய பின்னரே கையளித்தோம். மதிற்கட்டில் இருந்தபோது எமக்குப் பெயர் தெரியாதிருந்த ஏழு பேரின் பெயர்களை அவ்வாறு அறிந்தோம்.

பூட்டு என்றால் எந்தப் பூட்டு என்பதையும் சுருக்கமாகச் சொல்வோம். 'வெப்' எனும் பழைய மறைகுறி முறையின் பலவீனத்தை 2001ஆம் ஆண்டிலேயே புளூரர், மன்ரின், சமீர் எனும் அறிஞர் மூவர் வெளிப்படுத்திவிட்டனர். அது பூட்டே அன்று. 2004இல் வந்த 'டபிள்யூ.பி.ஏ. 2' போதுமானது, 2018இல் வந்த மூன்றாவது மேலானது. கடவுச்சொல் நீளமாயிருக்கவேண்டும். பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டும் கடவுச்சொல் ஆகா. எமது பெற்றோரிற் பாதிப் பேருடைய வீட்டை இக்கணமே நாம் திறந்துவிடலாம் என அஞ்சுகின்றோம்.

அயலவர் வலையமைப்பு திறந்து கிடந்தால் நுழையலாமா என மாணவர் கேட்பதுண்டு. வுப்பற்றால் நகரில் 2007ஆம் ஆண்டு அவ்வாறு நுழைந்த ஒருவரை நீதிமன்றம் குற்றவாளியாகக் கண்டது. அதே நகரில் 2010ஆம் ஆண்டு வேறொரு வழக்கில் அது தண்டனைக்குரியதன்று எனத் தீர்மானிக்கப்பட்டது. நீதிபதிகளே இரு கருத்துக் கொண்ட இடத்தில், கதவைத் தட்டிக் கேட்டுவிடுவது எளிது. ஆனால் பிறருக்குரிய தகவல்களை அலையிலிருந்து மென்பொருள் கொண்டு ஒட்டுக்கேட்பதில் இரு கருத்து இல்லை. 2007 முதல் அது குற்றவியற் சட்டத்தில் உள்ளது. ஈராண்டு வரை சிறை விதிக்கலாம். விளையாட்டாகச் செய்தோம் என்பது அங்கே செல்லாது.

தேநீர்ச்சாலையிலும் புகையிரத நிலையத்திலும் திறந்த வலையமைப்பிற் சேர்பவர், அதன் பெயரை மட்டும் நம்புதல் ஆகாது. யாரும் தமது கருவிக்கு அதே பெயரைச் சூட்டி அருகில் அமர்ந்திருக்கலாம். வங்கிக் கணக்கை அங்கே திறவாதிருங்கள். தானாக இணையும் வசதியை நிறுத்துங்கள். கணினி 'பொது வலையமைப்பா' என்று கேட்டால் ஆம் என்று சொல்லுங்கள். உங்கள் கோப்புகளை அது பிறருக்குக் காட்டாது.

விமானத்திற் பயணிப்போர், விமானப் படமிட்ட விசையை அழுத்தி அலையை அணைத்துவிடவேண்டும்; பணியாளர் அனுமதித்தால் அங்குள்ள வைபையை மட்டும் திறக்கலாம். இதயமுடுக்கி பொருத்திய தாத்தா பாட்டியரின் நெஞ்சின் மீது மடிக்கணினியைச் சாய்த்துப் பேரப்பிள்ளைகளின் படம் காட்டவேண்டாம். மேசையில் வைத்துக் காட்டுங்கள். ஒரு சாண் இடைவெளி எப்போதும் இருக்கட்டும். மேலதிக ஐயத்தை மருத்துவரிடம் கேளுங்கள்.

புளூடூத் பற்றி எழுதவேண்டாம் என்றிருந்தோம். சென்ற ஆண்டு விழாவை நினைத்தால் எழுதாமல் விட முடியவில்லை. பத்தாம் நூற்றாண்டின் டென்மார்க் மன்னர் ஹரால்ட் புளூடூத்தின் பெயர் தாங்கிய அக்குறுந்தூர அலை, தமிழ்மொழி வாழ்த்தின் இரண்டாம் அடியிற் பின்வரிசை மாணவர் ஒருவரின் மடிக்கணினியை மண்டபத்து ஒலிபெருக்கியோடு இணைத்துவிட, குத்துப்பாடல் ஒன்று முழங்கியது. பிரதம விருந்தினர் எழுந்து நின்றபடியே இருந்தார். அம்மாணவர் யாரென்று எமக்குத் தெரியும். 2017ஆம் ஆண்டுத் தீர்ப்பு எதுவாயினும் பெயரைச் சொல்லமாட்டோம். தேவையற்றபோது புளூடூத்தை அணைத்து வையுங்கள், தம்பி.

அந்த இளைஞர் 2014இல் வேறு நகருக்கு மாற்றப்பட்டார். கடைசி இருபது யூரோ ஒரு வாழ்த்து மடலுள் அஞ்சலில் வந்தது. உறையைக் கண்டதும், பழக்க தோஷத்தால், முதலில் அதன் நிறத்தைத்தான் பார்த்தோம்.

இவ்வாண்டு விழாவன்று மண்டபத்தில் விருந்தினர் வலையமைப்பு இயங்கும். கடவுச்சொல்லைத் தேநீர் மேசையில் நாமே தருவோம். பதினெட்டு ஆங்கில எழுத்துகளில் எழுதிய தமிழ்த் தொடர் அது. ஒரு ழகரமும் இரண்டு ளகரமும் அதில் உண்டு. எமது சென்ற ஆண்டுக் கட்டுரையை வாசியாத மாணவர்கள் இணைப்புக் கிடைக்கவில்லை என்று எம்மிடம் முறையிட வேண்டாம்.